கையடக்க ஜிபிஎஸ் கருவி: காருக்கு முதன்முறையாக வாங்குதல்

கையடக்க ஜிபிஎஸ் என்பது செயற்கைக்கோள்கள் அனுப்பும் நேரக் குறிப்புகளைப் பெற்று, தான் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு வரைபடத்தில் காட்டும் சிறு கருவி. உள்ளங்கையில் அடங்கும். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மலை ஏறலாம். ஸ்டாண்டு ஒன்று வாங்கினால் காரிலும் மாட்டலாம். சிம் கார்டு, மொபைல் டவர் எதுவும் வேண்டாம். விருதுநகர் மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கும் சுந்தரபாண்டியம், வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தில் காருக்கென்று முதல் கருவி வாங்குபவருக்கு எது ஒத்துவரும் என்பதை இக்கட்டுரை பார்க்கிறது.

கடையில் போய் வெறுமனே 'ஜிபிஎஸ் வேண்டும்' என்று கேட்டால் பெரும்பாலும் வேறொரு பொருளை எடுத்துக் காட்டுவார்கள். வண்டிக்குள் மறைத்துப் பொருத்தி, வண்டி எங்கே நிற்கிறது என்று முதலாளியின் போனுக்குச் சொல்லும் டிராக்கர் அது. 2019 ஜனவரி 1 முதல் புதிதாகப் பதிவாகும் பயணிகள் பொதுப் போக்குவரத்து வாகனங்களுக்கு ஏஐஎஸ் 140 தரத்தில் இருப்பிடம் காட்டும் கருவி கட்டாயமான பிறகு, கடைக்காரர் காதில் 'ஜிபிஎஸ்' என்றால் அதுதான் விழுகிறது. டிராக்கர் ஓட்டுநருக்கு வழி சொல்லாது. வழி சொல்பவை இரண்டு வகை: 5 முதல் 7 அங்குலத் திரையோடு கண்ணாடியில் ஒட்டும் கார் நேவிகேட்டர் ஒன்று, பேட்டரியில் ஓடும் கையடக்கக் கருவி மற்றொன்று. காரிலும் வேண்டும், இறங்கி நடக்கும்போதும் வேண்டும் என்பவர் இரண்டாவதைத் தேடுகிறார்.

வரலாறு

அமெரிக்க ராணுவத்தின் ஜிபிஎஸ் திட்டத்தின் முதல் செயற்கைக்கோள் 1978இல் ஏவப்பட்டது. பொதுமக்கள் கடையில் வாங்கக்கூடிய முதல் கையடக்கக் கருவியை மெகல்லன் நிறுவனம் 1989இல் கொண்டுவந்தது. அதே ஆண்டில் கேரி பர்ரெல், மின் காவ் என்ற இருவர் தொடங்கிய நிறுவனம்தான் பின்னாளில் கார்மின் ஆனது. 1990கள் முழுக்க அமெரிக்கா பொதுமக்களுக்கான சமிக்ஞையை வேண்டுமென்றே கலைத்து அனுப்பியதால் கருவி காட்டும் இடம் 100 மீட்டர் வரை விலகியது. எந்தத் தெருவில் நிற்கிறோம் என்பதே தெரியாத கருவியைக் காரில் வைத்து என்ன செய்வது? 2000 மே மாதத் தொடக்கத்தில் அந்தக் கலைப்பு நிறுத்தப்பட்டது. காருக்கான நேவிகேட்டர்கள் சந்தையில் பெருகியது அதற்குப் பிறகுதான்.

இந்தியாவில் 2000களின் பிற்பாதியில் மேப்மைஇந்தியா, ஹைதராபாத்தின் சேட்நாவ் போன்ற நிறுவனங்கள் உள்நாட்டு வரைபடத்தோடு கருவிகள் விற்றன. ஸ்மார்ட்போன் வந்து அந்தச் சந்தையை விழுங்கிவிட்டது. இன்று தனிக் கருவி வாங்குபவர்கள் மலை ஏறுபவர்கள், வனத்துறையினர், நில அளவையாளர்கள், போன் எடுக்காத இடத்துக்கு வண்டி ஓட்டுபவர்கள்.

இயங்கும் விதம்

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் நாளுக்கு இருமுறை பூமியைச் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. சமிக்ஞை வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. அட்சம், தீர்க்கம், உயரம் மூன்றுக்கும் மூன்று செயற்கைக்கோள்கள் போதும். ஆனால் கருவிக்குள் இருக்கும் மலிவான கடிகாரத்தின் பிழையைக் கழிக்க நான்காவது ஒன்றும் வேண்டும்.

நீண்ட நாள் அணைத்து வைத்திருந்த கருவி உடனே இடம் காட்டாமல் திணறுவது பழுதல்ல. எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கும் என்ற முழு அட்டவணையும் வானிலிருந்து இறங்கி முடிய 12.5 நிமிடம் ஆகும். போன் இதே தகவலை இணையத்திலிருந்து நொடியில் எடுத்துக்கொள்கிறது. புதுக் கருவியை முதல்முறை போடும்போது வீட்டுக்குள் வைத்துப் பார்க்காமல் மொட்டைமாடியில் கால் மணி நேரம் வைத்துவிட வேண்டும்.

தென்தமிழகத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனைக்கு அருகே செல்கிறது. 1963இல் ராக்கெட் ஏவத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும், இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதும் இந்தக் காரணத்தால்தான். இப்பகுதிக்கு மேலே உள்ள அயனி மண்டலம் அடர்த்தி மிக்கது. மாலை மயங்கியபின், அதுவும் மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில், அது கலங்கி சமிக்ஞையைத் துடிக்க வைக்கும். அயனி மண்டலத்தில் சமிக்ஞை தாமதமாவதை ஒரே அலைவரிசையில் கேட்கும் கருவியால் நேரடியாக அளக்க முடியாது. எல்1, எல்5 என இரண்டு அலைவரிசையில் கேட்கும் கருவி இரண்டின் தாமதத்தையும் ஒப்பிட்டு அதைப் பெருமளவு கழித்துவிடும். பணம் கூடுதலாகக் கொடுக்கத் தயார் என்றால் இதற்குக் கொடுக்கலாம். ஆனால் நெடுஞ்சாலையில் சில மீட்டர் பிழை பெரிதில்லை.

இந்தியாவின் சொந்த அமைப்பான நாவிக்கின் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்றும், தொடரின் ஏழாவது 2016 ஏப்ரல் 28 அன்றும் ஏவப்பட்டன. பிறகு சிலவற்றின் அணுக் கடிகாரங்கள் செயலிழந்தன. உள்நாட்டில் செய்த ரூபிடியம் கடிகாரத்தோடு என்விஎஸ் 01 செயற்கைக்கோள் 2023 மே 29 அன்று போனது. கையடக்கக் கருவிகளில் நாவிக்கைக் கேட்கக்கூடியவை குறைவு; கார்மின் ஜிபிஎஸ்மேப் 65 வரிசை அவற்றில் ஒன்று. பெட்டியில் நாவிக் என்று போட்டிருப்பதற்காக மட்டும் யாரும் கருவி வாங்க வேண்டியதில்லை. ஜிபிஎஸ்ஸோடு குளோனாஸ், கலிலியோ என்ற பிற நாட்டு அமைப்புகளில் ஒன்றாவது சேர்ந்திருந்தால் போதும். மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பிலும் தாணிப்பாறையிலும் மேற்கு வானத்தை மலை மறைத்துக்கொள்வதால், மிச்ச வானத்தில் எத்தனை செயற்கைக்கோள் கிடைக்கிறது என்பதே அங்கே கணக்கு.

வரைபடம்

முதலில் பார்க்க வேண்டியது வரைபடத்தை. கருவி அதற்கப்புறம்தான். விளக்க ஓர் உதாரணம். 2011இல் வந்த கார்மின் இட்ரெக்ஸ் 10 உறுதியானது, விலை குறைவு, இரண்டு ஏஏ பேட்டரியில் நாள் முழுக்க ஓடும். ஆனால் சாலை வரைபடம் ஏற்ற அதில் வழியில்லை. இலக்கு இருக்கும் திசைக்கு அம்பும் நேர்கோட்டுத் தூரமும் மட்டும் காட்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றுகொண்டு குமுளிக்கு வழி கேட்டால் மேற்கே மலையைக் காட்டி ஏறக்குறைய 50 கி.மீ. என்று சொல்லும். கணக்குச் சரிதான். ஆனால் நடுவில் இருப்பது மேற்குத் தொடர்ச்சி மலையும், 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகமும். கார் போகும் வழி உசிலம்பட்டி, தேனி, கம்பம் என்று சுற்றிக்கொண்டு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். நடப்பவருக்கு நல்ல கருவி காருக்கு ஆகாது. சாலை வழியே பாதை போட்டுக் கொடுக்கும் வரைபடமும் மெமரி கார்டு போடும் இடமும் உள்ள இட்ரெக்ஸ் 22எக்ஸ் போன்றது வேண்டும்.

கருவியோடு வரும் வரைபடம் போதாவிட்டால், 2004இல் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவிலிருந்து தயாரான இலவச வரைபடங்களை மெமரி கார்டில் ஏற்றிக்கொள்ளலாம். கிராமத்துச் சாலைகளும் கண்மாய்க்கரைப் பாதைகளும் அதில் எவ்வளவு இருக்கின்றன என்பது அந்தப் பக்கத்துத் தன்னார்வலர்களைப் பொறுத்தது. சுந்தரபாண்டியத்திலிருந்து கிருஷ்ணன்கோவில் வந்து கொல்லம்–திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை 744ஐப் பிடிப்பது எந்த வரைபடத்திலும் இருக்கும். பழைய வரைபடத்தில் அதே சாலை 208 என்றே இருக்கலாம். திருமங்கலத்துக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே போடப்படும் நான்குவழிச் சாலையின் புதிய தடத்தை அது அறியவே அறியாது. வாழ்நாள் முழுக்க இலவச வரைபடப் புதுப்பிப்பு உண்டா என்று கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

ஊர்ப்பெயரைத் தேடும்போது தனித் தொல்லை. இக்கருவிகளில் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்திலேயே இருக்கும். வத்திராயிருப்பைத் தேடுபவர் வெள்ளைக்காரன் காலத்து 'வாட்ராப்' என்றும் அடித்துப் பார்க்க வேண்டும். 'சுந்தரபாண்டி' வரை அடித்ததும் பட்டியலில் சுந்தரபாண்டியபுரமும் வந்து நிற்கும். அது தென்காசிப் பக்கத்து ஊர், சூரியகாந்தி வயல்களுக்குப் பேர்போனது. அவசரத்தில் அதைத் தொட்டுவிட்டால் கருவி சங்கடமே இல்லாமல் ராஜபாளையம், சிவகிரி, புளியங்குடி வழியாகத் தெற்கே ஓட்டச் சொல்லும். இலக்கைத் தேர்ந்தெடுத்தபின் மொத்தத் தூரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியை எடுக்கும் பழக்கம் எந்த வசதியையும்விடப் பெரியது.

பெயர் கிடைக்காத தோப்புக்கும் கோயிலுக்கும் அட்ச தீர்க்க எண்களை அடிக்கலாம். அங்கே ஒரு பொறி உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 9.51 பாகை வடக்கு, 77.63 பாகை கிழக்கு. போன் இப்படித் தசமத்தில் காட்டும். கையடக்கக் கருவிகள் பலவும் வாங்கியபோதிருந்தே பாகை, கலை என்ற முறையில் இருக்கும். அதில் இதே இடம் 9 பாகை 30.6 கலை, 77 பாகை 37.8 கலை. 9.51ஐ 9 பாகை 51 கலை என்று அடித்துவிட்டால் இலக்கு ஏறக்குறைய 38 கி.மீ. வடக்கே நகர்ந்து திருமங்கலத்தின் அட்சத்தையும் தாண்டிவிடும். 77 பாகை 63 கலை என்பதைக் கருவி ஏற்காது, ஏனென்றால் 60 கலை சேர்ந்தால் ஒரு பாகை. அதில் தவறு தெரிந்துவிடும், 51இல் தெரியாது. முதல் நாளே அமைப்புகளுக்குள் போய் தசமப் பாகைக்கு மாற்றிவிடலாம். தசமத்தில் நான்கு இலக்கம் இருந்தால் சுமார் 11 மீட்டருக்குள் இடம் சிக்கும்.

போனா, தனிக் கருவியா

மதுரைக்கும் குற்றாலத்துக்கும் போய்வருபவருக்குத் தனிக் கருவி வீண் செலவு. போனில் இவ்வட்டார வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்தால் நெட் இல்லாத இடத்திலும் வழி கிடைக்கும். தமிழில் பேசும்; பெயர்களைத் தமிழிலும் தேடலாம்; நெட் இருந்தால் நெரிசலும் தெரியும். கையடக்கக் கருவியில் குரல் பெரும்பாலும் கிடையாது, 'பீப்' மட்டும்தான். இட்ரெக்ஸ் 22எக்ஸின் திரை 2.2 அங்குலம், ஓட்டிக்கொண்டே அதை உற்றுப் பார்ப்பது ஆபத்து. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கையில் இருக்க வேண்டிய கருவி அது.

மற்ற விஷயங்களில் போன் தோற்கும். கையடக்கக் கருவி இரண்டு ஏஏ பேட்டரியில் சுமார் 25 மணி நேரம் ஓடும். தீர்ந்தால் பெட்டிக்கடையில் வாங்கிப் போடலாம். வெயிலில் திரை மங்காது. காரை அடிவாரத்தில் விட்டுவிட்டு ஐயனார் அருவிக்கோ சதுரகிரி மலைக்கோயிலுக்கோ நடப்பவர், கார் நிற்கும் இடத்தைக் குறித்துவைத்து, வந்த தடத்திலேயே திரும்பலாம்.

எந்தக் கருவிக்கும் தெரியாதவையும் உண்டு. ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர் ஓடும் ரத வீதிகளுக்குள் அது கூசாமல் வண்டியை விடச் சொல்லும். அமாவாசை, பௌர்ணமியில் சதுரகிரிக்குப் போகும் தாணிப்பாறை வழியில் கார்களை எங்கே மறிப்பார்கள் என்பதும் அதற்குத் தெரியாது. போலீஸ்காரர் கை காட்டினால் அதுதான் வழி.

சட்டம்

2020 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, வண்டி ஓட்டும்போது கையடக்கத் தொடர்புக் கருவிகளை வழி பார்ப்பதற்கு மட்டும், ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம். அதாவது போன் ஸ்டாண்டில் இருக்கலாம், கையில் இருக்கக் கூடாது. தனி ஜிபிஎஸ்ஸையும் அப்படியே வைத்துக்கொள்வது நல்லது.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் வாங்கிவரும் கருவியில் வேறொரு எச்சரிக்கை உண்டு. இடத்தை மட்டும் பெறும் கருவிக்குத் தடையில்லை. ஆனால் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் வசதி உள்ள கார்மின் இன்ரீச் வகை, இரிடியம் வலையமைப்பில் இயங்குகிறது. மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் இந்தியாவில் அதை வைத்திருக்க முடியாது. அத்தகைய கருவியோடு வந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையங்களில் தடுத்து நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். மாடல் எண்ணுக்குப் பின்னால் 'ஐ' என்ற எழுத்து இருந்தால் (ஜிபிஎஸ்மேப் 66ஐ போல) இன்ரீச் உள்ளதா என்று பார்த்துவிட்டு, இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பழைய கருவி

இரண்டாம் கை வாங்கும்போது கீறலைவிடத் தேதியைப் பார்க்க வேண்டும். ஜிபிஎஸ் வாரங்களை 1,024 வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது, சுமார் 19.6 ஆண்டுக்கு ஒரு சுற்று. 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படி நடந்தது. மென்பொருள் புதுப்பிக்காத கருவிகள் சில 2019க்குப் பிறகு ஏறக்குறைய 20 ஆண்டு பின்னால் தேதி காட்டுகின்றன. சிலவற்றால் இடத்தையே பிடிக்க முடிவதில்லை. வெட்டவெளியில் வைத்துத் தேதியும் இடமும் சரியாக வந்த பிறகே காசு கொடுக்கலாம். அடுத்த சுழற்சி 2038 நவம்பரில் வருகிறது. புதிய எல்5 சமிக்ஞை வாரங்களை 8,192 வரை எண்ணுவதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை.