காற்றா? கைவசம் இல்லாத ஆயத்தமா?

  

"காட்டுத்தீ பெருநாசமாவதற்குக் காரணம் வானிலையே"ன்னு எதிரணிச் சகோதரி பேசினாங்க. 1910-ஆம் வருஷம் அமெரிக்காவிலே நடந்ததைச் சொல்லி, "அந்தக் காத்துக்கு முன்னாடி மனுஷன் என்னய்யா செய்வான்?"னு கேட்டாங்க. நான் அதே 1910-க்கு உங்களைக் கூட்டிட்டுப் போறேன். ஆனா ஒரு நாலு மாசம் முன்னாடியே போகலாம். ஏன்னா சகோதரி நேரா காத்தடிச்ச அன்னிக்கே போயிட்டாங்க!

(சிரிப்பு)

ஐடகோ, மான்டானா என்கிற மலை மாநிலங்கள். அந்த வருஷம் வசந்த காலத்திலேயே மழை பொய்த்துவிட்டது. கோடை முழுக்க வறட்சி. மின்னல் ஒரு பக்கம், நிலக்கரி ரயில் எஞ்சின் கக்குற பொறி ஒரு பக்கம். ஆகஸ்ட் மாதத்திலே நூற்றுக்கணக்கான இடங்களிலே தீ எரிஞ்சுக்கிட்டிருக்கு. அணைக்க வேண்டிய வனத்துறைக்கு வயசு என்ன தெரியுமா? அஞ்சு. 1905-லேதான் தொடங்கினாங்க. ஐடகோவைச் சேர்ந்த ஹேபர்ன் என்கிற செனட்டரே அந்தத் துறைக்கு எதிரி. பணம் கேட்டா கிடைக்காது. ஆள் பத்தாமல், கோடரி பிடிச்சு அறியாதவர்களையெல்லாம் மணிக்கு 25 சென்ட் கூலிக்குப் பிடிச்சு மலை ஏத்தினாங்க. ராணுவத்தைக் கூப்பிட்டதே ஆகஸ்டிலேதான்.

எண்ணெய்ச் சட்டியிலே தீப்பிடிச்ச பிறகு மூடி எங்கேன்னு தேடுற கதை இது. தாய்மார்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

(கைதட்டல்)

அப்புறம்தான் ஐயா, ஆகஸ்ட் 20-ஆம் தேதி அந்தக் காத்து வருது. சூறைக்காத்து. சின்னச் சின்னத் தீயெல்லாம் ஒண்ணா கை கோத்துக்கிச்சு. இரண்டே நாளிலே ஏறத்தாழ 30 லட்சம் ஏக்கர் சாம்பல்! வாலஸ் என்கிற ஊரிலே மூன்றிலொரு பங்கு எரிஞ்சு போச்சு. 80-க்கும் மேற்பட்ட உயிர்கள். அதிலே பெரும்பாலோர் தீயணைக்கப் போனவங்க.

அந்தக் காத்து எல்லாருக்கும் ஒரே காத்துதான். ஆனா எட் புலாஸ்கி என்கிற வனக்காவலரோடு இருந்த சுமார் 45 பேரிலே பெரும்பாலோர் எப்படிப் பிழைச்சாங்க? அவருக்கு அந்த மலை தெரியும். எந்தச் சரிவிலே பழைய சுரங்கம் இருக்குன்னு தெரியும். புகைக்குள்ளே தடவிக்கிட்டே அத்தனை பேரையும் சுரங்கத்துக்குள்ளே கொண்டு போயிட்டார். பயந்து வெளியே ஓடப் பார்த்தவங்களைத் துப்பாக்கியைக் காட்டி நிறுத்தினார். வாசல்லே கம்பளியைத் தொங்கவிட்டு, தரையிலே கிடந்த தண்ணியைத் தன் தொப்பியாலே மொண்டு மொண்டு ஊத்தினார். மயங்கி விழுந்துட்டார். விடியற்காலையிலே ஒருத்தன், "தலைவர் செத்துட்டார்"ங்கிறான். கிடந்தபடியே மறுத்துச் சொன்னாராம் மனுஷன்! உள்ளே ஐந்து பேர் பிழைக்கவில்லை. மத்தவங்க வீடு திரும்பினாங்க. சகோதரி, அந்த மலையைத் தெரிஞ்சு வெச்சிருந்தாரே, அது வானிலையா?

இன்னொண்ணும் ஒத்துக்கிறேன். இதை நான் சொல்லலேன்னா எதிரணி எழுந்து சொல்லிடும். அந்தத் தீக்கப்புறம் வனத்துறை வேறொரு கோடிக்குப் போயிடுச்சு. "எந்தத் தீயானாலும் மறுநாள் காலை பத்து மணிக்குள்ளே அடக்கணும்"னு 1935-லே விதி போட்டாங்க. நம்ம ஊர்லே பத்து மணிக்குத்தான் ஆபீசே திறக்கும்!

(பலத்த சிரிப்பு)

அங்கே பூர்வகுடி மக்கள் காலங்காலமா சின்னச் சின்னதாத் தீ வெச்சுச் சருகைக் கழிச்சாங்க. தடிச்ச பட்டையுள்ள மரங்கள் அதைத் தாங்கிக்கும். அதையும் சேர்த்து நிறுத்தினதாலே சருகும் சுள்ளியும் இளமரமும் குவிஞ்சு போச்சு. பரண்மேலே பழைய பேப்பரை வருஷக்கணக்கா அடுக்கின மாதிரி. பத்து மணி விதியைக் கைவிட 1970-கள் வரை ஆச்சு. ஆகவே அணைக்கிறது மட்டும் ஆயத்தம்னு நான் வாதாடலே. பரணைக் காலி பண்றதும் அதிலே சேர்த்திதான்.

புலாஸ்கி என்ன ஆனார்? தீயிலே கண்ணும் நுரையீரலும் கெட்டுப்போச்சு. அப்படியும் வேலையை விடலே. ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் மண்ணைக் கொத்துற கொத்து, இரண்டும் ஒரே கைப்பிடியிலே இருக்கிற கருவியைச் செம்மைப்படுத்திப் பரவலாக்கினார். காட்டுத்தீக்கு ஏது தண்ணி? வேரை வெட்டி, மண்ணைக் கீறித் தடுப்புக் கோடு போடணும். மலை ஏறுறவன் ரெண்டு கருவியைச் சுமக்க வேண்டாமேன்னு நினைச்சார். இன்னிக்கும் அமெரிக்கத் தீயணைப்பு வீரன் கையிலே இருக்கிற அந்தக் கருவிக்குப் பெயர் 'புலாஸ்கி'. தீயிலே செத்துப்போன தன் ஆட்களின் கல்லறைகளைப் பராமரிக்க, அந்த அரைக் கண் பார்வையோடு அவரே போய்க்கிட்டிருந்தார்...

நடுவர் மணியிலே கை வெச்சுட்டார். உட்கார்றேன், ஐயா. 

(கைதட்டல்)