வெத்தசிங்க, சிபில் (1927–2020)
இலங்கையின் சிங்களச் சிறுவர் படக்கதை எழுத்தாளர், ஓவியர். காலிக்கு அருகே கிந்தோட்டையில் பிறந்தார். அங்கு கழிந்த பிள்ளைப்பருவமே அவர் கதைகளின் ஊற்று. பத்திரிகை ஓவியராகத் தொடங்கியவருக்கு நிலைத்த புகழ் தந்தது 'குட ஹொரா' (குடைத் திருடன், 1956). அதில் கிரி மாமா நகரில் வாங்கிவரும் குடைகள் ஒவ்வொன்றாகத் திருடுபோகின்றன. மடித்த குடைக்குள் கடதாசித் துண்டுகளை அவர் போட்டுவைக்க, அவை சிந்திய வழி ஒரு குரங்கிடம் கொண்டுசேர்க்கிறது.

தென்கரைச் சிங்களக் கிராமத்தின் கதை, பெரகல போன்ற ஊவாத் தோட்டப்புறத் தமிழ்ப் பிள்ளைக்கு அந்நியம் என்று வாதிடலாம். உடையும் மொழியும் வேறுதான். ஆனால் மழை, குரங்கு, ஊர்க் கடை, ஊரே மாமா என்றழைக்கும் உறவு ஆகியவை மலையகத்துக்கும் சொந்தம். தன் மரபைத் துல்லியமாக வரைந்ததாலேயே இக்கதை பிற மரபினரையும் எட்டுகிறது. எனினும், இது மலையகத்தின் சொந்தப் படக்கதைகளுக்கு ஈடாகாது. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) ஆத்தாவும் தேயிலைக் கொழுந்துக் கூடையும் அப்பிள்ளைகளின் புத்தகத்தில் இடம்பெற்றே ஆகவேண்டும்.