இரவல் ஆன்டிபாடி: லண்டன் ஈறும் வடநெம்மேலி பானையும்

போன மாசம் செங்கல்பட்டில் பல் டாக்டரிடம் போயிருந்தேன். பல் தேய்த்தால் ரத்தம். ஈறு நோய் என்றார். "இதுக்கு ஆன்டிபாடி மருந்து இல்லையா டாக்டர்?" என்றேன் (நெட்டில் பாதி படித்துவிட்டுப் போகிற கெட்ட பழக்கம்). சிரித்துக்கொண்டே ஸ்கேலிங் கருவியை எடுத்தார்.

நான் கேட்டது வெறும் கற்பனை இல்லை. லண்டன் கைஸ் மருத்துவமனை ஆய்வாளர்கள் 1996-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், நோயாளிகளின் ஈறுகளைச் சுத்தம் செய்து, போர்ஃபிரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ் என்ற கிருமிக்கு எதிரான ஆன்டிபாடியை ஈறுக்குழிகளில் வைத்தார்கள். ஒன்பது மாதம் வரை அந்தக் கிருமி திரும்பவில்லை. ஆனால் ஈறு நோய் பல கிருமிகள் சேர்ந்து செய்கிற வேலை. ஒன்றை மட்டும் வெளியே நிறுத்தினால் போதாது.

வேறொரு உடம்பில் உண்டான ஆன்டிபாடியை இரவல் வாங்கும் இந்த யோசனை 1890-களிலேயே வந்துவிட்டது. 1894-இல் பாரிஸில் கால்மெட் ஒரு பக்கம், ஃபிசாலிக்ஸும் பெர்ட்ராண்டும் இன்னொரு பக்கம் விஷமுறிவு சீரத்தை அறிவித்தார்கள். அதன் இந்திய அத்தியாயம் நம்ம ஈசிஆர் ரோட்டில்தான் இருக்கிறது. மாமல்லபுரம் போகும் வழியில், வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில்.

1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத்தோல் வியாபாரம் படுத்துவிட்டது. அதை நம்பியிருந்த இருளர்கள் பிழைப்பில்லாமல் நின்றார்கள். 1978-இல் ரோமுலஸ் விட்டேக்கரோடு சேர்ந்து கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து மண்பானையில் வைப்பார்கள். சில வாரம் விஷம் எடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்த விஷத்தை மருந்துக் கம்பெனிகள் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றுகின்றன. குதிரை ரத்தத்தில் உருவாகும் ஆன்டிபாடிதான் ஆஸ்பத்திரியில் நாம் பார்க்கிற மருந்து. 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தபோது, இந்த வேலைக்கு இவ்வளவு தாமதமா என்றுதான் எனக்குத் தோன்றியது.

லண்டனில் தடுக்கிய அதே இடத்தில் இங்கேயும் தடுக்குகிறது. காட்டிய டேட்டாவைத் தாண்டி எங்கள் சாஃப்ட்வேர் மாடல்களுக்கு எப்படி ஒன்றும் தெரியாதோ, ஆன்டிபாடியும் அப்படித்தான். நாட்டின் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி இந்தச் சுற்றுவட்டாரப் பாம்புகளுடையது. ஒரே இனப் பாம்பு என்றாலும் ஊருக்கு ஊர் விஷம் மாறும். வடக்கிலும் மேற்கிலும் சில இடங்களில் இதே மருந்து சரியாக வேலை செய்வதில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்பது ஒரு ஆய்வின் கணக்கு. அந்தந்த ஊர் விஷத்தை அங்கேயே எடுக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதற்குப் பாம்பு பிடிக்கத் தெரிந்த கை வேண்டும். அந்தக் கை வடநெம்மேலியில் இருக்கிறது.