மாணவர் காட்டிய வழி



பிள்ளைகளுக்கு விசுவாசத்தைப் பெரியவர்கள்தாம் கற்றுத்தர வேண்டும் என்று நாம் எண்ணுகிறோம். தம் மாணவர்களைப் பார்த்தே திருச்சபைக்குள் வந்த ஓர் ஆசிரியரும் உண்டு.

நூட் ராக்னி 1888-இல் நார்வே நாட்டில் லூத்தரன் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே சிகாகோவுக்கு வந்தவர், அஞ்சலகத்தில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, 22 வயதில்தான் திருச்சிலுவைச் சபைத் துறவியரின் நோட்ர டாம் கல்லூரியில் சேர்ந்தார். (நம் பிள்ளை ஓராண்டு தவறினாலே நாம் கலங்கிவிடுகிறோம்!) 1914-இல் பட்டம் பெற்றபின், அங்கேயே வேதியியல் கற்பித்தபடி கால்பந்துப் பயிற்சிக்கும் உதவினார். நாம் ஆடும் கால்பந்து அன்று அது. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம். 1918 முதல் 1930 வரை தலைமைப் பயிற்சியாளராக அவர் கண்டது 105 வெற்றி, 12 தோல்வி, 5 சமநிலை.

கத்தோலிக்கரைப் பலர் வெறுத்த காலம் அது. 1924-இல் கல்லூரி இருந்த சவுத் பெண்ட் நகரிலேயே கு கிளக்ஸ் கிளான் கூட்டத்தாரோடு மாணவர்கள் மோத நேர்ந்தது. வெளியூர் ஆட்டங்களுக்குப் போனாலும் வீரர்கள் தூக்கத்தை விட்டு விடியற்காலையில் திருப்பலிக்குப் போவார்கள். பயிற்சியாளரோ விடுதியிலேயே இருப்பார். அதுதான் தம்மை உறுத்தியது என்று பின்னர் அவரே சொன்னார். தலைவர் பின்தங்கி நிற்க, பிள்ளைகள் முன்னே போனார்கள். 1925 நவம்பர் 20-இல், 37-ஆம் வயதில், அவர் திருமுழுக்குப் பெற்றார்.

1931 மார்ச் 31, புனித வாரத்தின் செவ்வாய். கான்சாஸ் மாநிலத்தில் விமானம் விழுந்து எண்மர் மாண்டனர், ராக்னியும் ஒருவர். புனித சனியன்று, கல்லூரியின் திரு இருதய ஆலயத்தில் அடக்கத் திருச்சடங்கு நடந்தது. சவப்பெட்டியைச் சுமந்தவர்கள் அவருடைய வீரர்கள்.