நர்ஸிங் சேரும் நம் மகள்கள்: முதல் வகுப்புக்கு முன் குடும்பம் செய்து முடிக்க வேண்டியவை



கவுன்சிலிங் முடிந்து நர்ஸிங் கல்லூரியில் இடம் உறுதியானதும் வீட்டில் இனிப்பு வழங்குகிறோம். அன்றிரவே கேள்விகளும் தொடங்கிவிடுகின்றன. ஹிஜாபை அனுமதிப்பார்களா? ஆண் நோயாளியைத் தொட வேண்டியிருக்குமா? நைட் டியூட்டி உண்டா? நாளை வரன் பார்க்கும்போது என்ன சொல்வார்கள்?

கேட்பதில் தவறில்லை. விடை தேடாமல் தள்ளிப்போடுவதுதான் தவறு. பதில் இல்லாமல் மகளை அனுப்பிவிட்டு, முதல் வருடத்தின் நடுவில் அதே கேள்வியோடு திரும்ப அழைத்து வந்தால், கட்டிய பணமும் போகும், அவளுடைய ஒரு வருடமும் போகும், இன்னொரு பிள்ளைக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடமும் வீணாகும். எனவே சேர்க்கைக்கும் முதல் வகுப்புக்கும் இடையில் இருக்கும் சில வாரங்களில் தாய், தகப்பன், மகள் மூவரும் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

நமக்குப் புதிய தொழில் அல்ல

ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டு அகழ்ப் போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் கை நரம்பில் அம்பு பாய்ந்தபோது, காயம்பட்டவர்களுக்கு மருந்திட்டுவந்த ருஃபைதா (ரலி) என்ற பெண்மணியிடம்தான் அவர்கள் ஒப்படைக்கப்பட்டார்கள். இமாம் புகாரி (ரஹ்) தமது அல்அதபுல் முஃப்ரதில் இதைப் பதிவு செய்துள்ளார்கள். ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி), உம்மு அதிய்யா (ரலி) ஆகியோர் போர்க்களங்களுக்குச் சென்று காயமடைந்தவர்களைக் கவனித்த செய்தி ஸஹீஹான நூல்களில் இருக்கிறது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவின் இல்முப் பாடத்தில் மருத்துவத்தை ஃபர்ளு கிஃபாயாவில் சேர்க்கிறார்கள். ஊரில் ஒருவரும் அதைக் கற்காவிட்டால் ஊர் முழுவதும் குற்றவாளியாகும். பிரசவ அறையில் நம் வீட்டுப் பெண்ணுக்குப் பெண் நர்ஸ்தான் வேண்டும் என்று கேட்கிறோம். அந்த நர்ஸ் யாரோ ஒருவர் வீட்டு மகள்தானே! எல்லோரும் கேட்டு, எவரும் அனுப்பாமல் இருந்தால் அவள் எங்கிருந்து வருவாள்?

படிப்பின் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

பி.எஸ்சி. நர்ஸிங் 4 ஆண்டுகள், 8 செமஸ்டர்கள். ஜி.என்.எம். டிப்ளமோ 3 ஆண்டுகள். தமிழ்நாட்டில் பெரும்பாலான பி.எஸ்சி. நர்ஸிங் கல்லூரிகள் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டவை. படித்து முடித்தவர் தமிழ்நாடு செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் கவுன்சிலில் பதிவு செய்த பிறகே நர்ஸாகப் பணிபுரிய முடியும். புரோக்கர் மூலம் வெளிமாநிலக் கல்லூரியில் இடம் பிடித்தவர்கள், அந்த மாநில கவுன்சிலின் அனுமதியும் பல்கலைக்கழக இணைப்பும் அந்தக் கல்லூரிக்கு உண்டா என்பதை, மீதிக் கட்டணம் கட்டுவதற்கு முன் நேரடியாக விசாரித்துவிடுங்கள்.

முதல் இரண்டு செமஸ்டர்களில் உடற்கூறு, உடலியங்கியல், உளவியல், சமூகவியல், உயிர் வேதியியல், சத்துணவியல், ஆங்கிலம், செவிலிய அடிப்படைகள் ஆகியவை வரும். வார்டுப் பயிற்சி கடைசி வருடத்தில்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, முதல் வருடத்திலேயே தொடங்கிவிடும். வருகைப்பதிவும் கடுமையானது. தேர்வு எழுத 80 சதவீதம் வேண்டும். பட்டம் பெறுமுன் வார்டுப் பயிற்சி நேரத்தை 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும். உறவினர் வீட்டு வலீமாவுக்காக ஒரு வாரம் விடுப்பு எடுக்கும் பழக்கம் இங்கே செல்லாது. இதைப் பெற்றோர்தான் முதலில் மனதில் பதிக்க வேண்டும்.

கல்லூரியில் கேட்க வேண்டியவை

வாய்மொழியாக ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். மரியாதையாக, தெளிவாகக் கேளுங்கள். முடிந்தால் எழுத்தில் வாங்குங்கள்.

1. யூனிபார்முடன் தலைமுக்காடு அணியலாமா? எந்த நிறம், எந்த அளவு?
2. முழுக்கை வைத்துத் தைக்கலாமா? நோயாளியின் அருகில் முழங்கை வரை மடிக்க வேண்டுமா?
3. எந்த மருத்துவமனையில் பயிற்சி? போக்குவரத்து யார் பொறுப்பு?
4. நைட் டியூட்டி எந்த வருடம் தொடங்கும்? அன்று தங்குவது எங்கே?
5. தொழுகைக்கு இடமும் இடைவேளையும் உண்டா? ஹாஸ்டலில் ஸஹர் உணவு கிடைக்குமா?

நாமும் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். தொங்கும் முந்தானையும் நீண்ட கைப்பகுதியும் ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்குக் கிருமியைக் கடத்தும். சிறிய, ஊசி குத்தி இறுக்கிய, தினமும் துவைத்த முக்காடு போதுமானது. கைகழுவும் ஒழுங்குக்காகவே மோதிரம், வளையல், மருதாணிக்கு மேல் நகப்பூச்சு எல்லாம் தவிர்க்கப்படுகின்றன. உளூவின் அருமை தெரிந்த பிள்ளைக்கு இது கடினமில்லை. சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவ 40 முதல் 60 விநாடிகள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்.

மார்க்கச் சட்டங்கள்

*தொடுதல், பார்த்தல்.* சிகிச்சைத் தேவைக்காக, தேவையான அளவுக்கு மட்டும் எதிர்பாலினரைப் பார்ப்பதையும் தொடுவதையும் ஃபுகஹாக்கள் அனுமதித்துள்ளார்கள். அந்த அளவைத் தாண்டக்கூடாது. மற்ற உறுப்புகளைப் போர்வையால் மூடி, திரையை இழுத்துவிடுவது செவிலியப் பாடத்திலும் உள்ள விதிதான்.

*உளூ.* ஷாஃபிஈ மத்ஹபில் மஹ்ரமல்லாத ஆணின் தோலைத் திரையின்றித் தொட்டால் உளூ முறியும். கையுறை இருந்தால் முறியாது. உள்ளங்கையால் பிறருடைய மர்ம உறுப்பைத் திரையின்றித் தொட்டாலும் முறியும், அது குழந்தையாக இருந்தாலும் சரி. ஹனஃபி மத்ஹபில் இவ்விரண்டாலும் உளூ முறிவதில்லை. மகள் எந்த மத்ஹபைப் பின்பற்றுகிறாள் என்பதைத் தெளிவாகச் சொல்லி அனுப்புங்கள்.

*தொழுகை.* இரத்தம், சிறுநீர் பட்ட யூனிபார்முடன் தொழ முடியாது. பையில் ஒரு சுத்தமான தொழுகை உடை எப்போதும் இருக்கட்டும். பத்து நிமிட இடைவேளையில் ஃபர்ளைத் தொழுதுவிடலாம். ஓர் உயிர் ஆபத்தில் இருக்கும்போது தொழுகையை விட்டுவிட்டு உயிரைக் காப்பாற்றுவதே கடமை. அந்தத் தொழுகையைப் பிறகு நிறைவேற்ற வேண்டும். இதை அன்றாட டியூட்டிக்குச் சாக்காக்கக் கூடாது. குறிப்பான சிக்கல் வந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள்.

*அமானத்.* நோயாளியின் நோய், நிலை, குடும்ப விஷயம் எல்லாம் அமானிதம். வார்டில் செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பதும், ‘இன்னார் மகள் அட்மிட் ஆகியிருக்கிறாள்’ என்று வீட்டில் வந்து சொல்வதும் அமானித மோசடி. வீட்டாரும் அவளிடம் துருவிக் கேட்கக் கூடாது.

பாடத்துக்குத் தயாராவது

தமிழ் வழியில் படித்த பிள்ளைகளை முதலில் அச்சுறுத்துவது ஆங்கிலச் சொற்கள்தான். மதரஸாவில் ஸர்ஃப் படித்தவர்களுக்குத் தெரியும்: மூல எழுத்துகளும் வஸனும் பிடிபட்டால் நூறு சொற்கள் தாமாகத் திறக்கும். மருத்துவச் சொற்களும் அப்படியே. ‘ஹெபட்’ என்றால் கல்லீரல், ‘நெஃப்ர்’ என்றால் சிறுநீரகம், ‘ஐட்டிஸ்’ என்றால் அழற்சி. ஹெபடைட்டிஸ், நெஃப்ரைட்டிஸ் இரண்டும் இப்போது புரிந்துவிட்டன அல்லவா? தினம் பத்துச் சொற்கள் போதும்.

எட்டாம் வகுப்புக் கணக்கையும் தூசி தட்டுங்கள். 500 மி.லி. திரவம் 5 மணி நேரத்தில் ஏற வேண்டும், 1 மி.லி.க்கு 20 சொட்டு என்றால், நிமிடத்துக்குச் சுமார் 33 சொட்டு. இதில் தவறினால் பாதிப்பு நோயாளிக்கு.

விநாடி முள் உள்ள கடிகாரம் ஒன்று நாடித்துடிப்பை எண்ணத் தேவைப்படும். ஸ்டெதாஸ்கோப், புத்தகங்கள், ஷூ முதலியவற்றைக் கல்லூரி சொன்ன பிறகு வாங்குவதே சிக்கனம்.

உடலும் மனமும்

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 3 தவணை: முதல் ஊசி, 1 மாதத்தில் அடுத்தது, 6-ஆம் மாதத்தில் கடைசி. ஆகவே இப்போதே தொடங்க வேண்டும். காலைச் சாப்பாட்டைத் தவிர்க்கும் பழக்கம் இருந்தால் விடச் சொல்லுங்கள். வெறும் வயிற்றோடு வார்டில் நின்று மயங்கி விழும் மாணவிகள் உண்டு.

முதல் இரத்தம், முதல் மரணம் எந்தப் பிள்ளையையும் உலுக்கும். அன்று வீட்டுக்கு வந்தவளிடம் ‘இந்தப் படிப்பு வேண்டாம் என்று அப்போதே சொன்னேனே’ என்று சொல்லாதீர்கள். தாய் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாலே பாதி பாரம் இறங்கும். ஊரில் மய்யித்துக் குளிப்பாட்டும் மூத்த பெண்களிடம் ஒருமுறை பேசவிடுங்கள். பயமில்லாமல், கண்ணியம் குறையாமல் ஓர் உடலைக் கையாளுவது எப்படி என்பதை அவர்களைவிடச் சிறப்பாகச் சொல்லக்கூடியவர் யார்?

பணமும் சான்றிதழ்களும்

மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஒவ்வொன்றிலும் பல நகல்கள் எடுத்து வையுங்கள். அசலை ஒப்படைத்தால் ரசீது வாங்குங்கள். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் பெற்றவர்களுக்குச் சாதிச் சான்றிதழ் மிக முக்கியம்.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. கல்லூரி மூலமாக விண்ணப்பிக்க வேண்டும். நான்கு வருடக் கட்டணம், ஹாஸ்டல், பேருந்து, யூனிபார்ம் அனைத்தையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். குறைவு விழுந்தால் வட்டிக் கடனை நோக்கிப் போவதற்கு முன் ஜமாஅத் பைத்துல்மாலை அணுகுங்கள். ஏழை மாணவிக்கு ஸகாத் சேரும். நிர்வாகிகளும் ரமளானில் புடவை, அரிசியோடு நிறுத்திவிடாமல், மஹல்லாவில் ஒரு நர்ஸை உருவாக்குவதை ஸகாத் திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

திருமணப் பேச்சு

இதைப் பேசாமல் விட்டால் இரண்டாம் வருடத்தில் பேச்சு தானாக வரும். படிப்பு முடியும்வரை நிகாஹ் இல்லை என்று முடிவெடுங்கள். அல்லது நல்ல வரன் அமைந்தால், படிப்பை முடிப்பதும் பணிக்குச் செல்வதும் பற்றி நிகாஹுக்கு முன்பே மாப்பிள்ளை வீட்டாரிடம் சபையில் பேசிவிடுங்கள். மகளின் சம்மதத்தோடு எடுக்கும் எந்த முடிவும் நல்லதே. அவளுக்குத் தெரியாமல் எடுப்பது முடிவல்ல.

நோயாளியின் தலைமாட்டில் நள்ளிரவில் விழித்திருக்கப் போகும் நம் மகள்களுக்கு அல்லாஹ் பயனுள்ள கல்வியையும், உறுதியான ஈமானையும், நோயாளிகளிடம் இரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.