ஒரே கையினின்று வந்த சட்டமும் போரும்: ஜான்சன் ஆட்சியில் திருச்சபையின் இக்கட்டு

1965-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 28-ஆம் நாள், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் செய்தியாளரைக் கூட்டி, வியட்நாமிலுள்ள தம் படையினரின் தொகை 75,000-லிருந்து 1,25,000 ஆக உயர்த்தப்படும் என அறிவித்தார். இரண்டு நாள் கழித்து, மிசௌரி மாநிலத்து இண்டிபென்டன்ஸ் நகரில், முன்னாள் தலைவர் ட்ரூமன் அருகிருக்க, முதியோரின் மருத்துவமனைச் செலவை ஏற்கும் ‘மெடிகேர்’ சட்டத்தில் கையொப்பமிட்டார். ஆகஸ்டு 6-இல், தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுக்கு மறுக்கப்பட்டு வந்த வாக்குரிமையைக் காக்கும் சட்டத்திலும் கையொப்பமிட்டார். பத்து நாள்களுக்குள் ஒரே மனிதர் செய்தவை இவை. இவற்றை ஒருங்கே வைத்து நோக்கினாலன்றி, அந்நாள்களில் அமெரிக்கத் திருச்சபை எதிர்ப்பட்ட இக்கட்டு நமக்கு விளங்காது.

ஜான்சனைப் போர்வெறியர் என ஒதுக்கிவிடுதல் நேர்மையன்று. இளமையில் டெக்சாஸின் கொட்டூலா என்னும் சிற்றூரில் மெக்சிக்கக் குடிகளின் ஏழைப் பிள்ளைகளுக்கு ஆசிரியராய் இருந்தவர் அவர். அப்பிள்ளைகளின் பசியைத் தாம் மறக்கவில்லை என்பதை 1965 மார்ச்சில் நாடாளுமன்றத்தின் முன் எடுத்துரைத்தார். 1964 ஜனவரியில் வறுமையின்மேல் போர் தொடுப்பதாக அறிவித்தார். ஜூலையில் பொதுவிடங்களில் இனவேற்றுமையை விலக்கும் குடிமையுரிமைச் சட்டம் அவர் கையொப்பத்தால் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்திற்காகத் தேசியத் திருச்சபை மன்றம் மத்திய மேற்கு மாநிலங்களின் சபைமக்களிடையே பெரிதும் உழைத்திருந்தது. செல்மாவில் கறுப்பின மக்களோடு நிற்கச் சென்ற ஜேம்ஸ் ரீப் என்னும் வெள்ளைப் போதகர் 1965 மார்ச்சில் அடியுண்டு மாண்டார். ஆகவே இச்சீர்திருத்தம் திருச்சபைக்கு அயலார் காரியமன்று. அதன் உழைப்பும் இரத்தமும் இதில் கலந்திருந்தன.

ஆனால் அதே 1964-இன் ஆகஸ்டில், டோங்கின் வளைகுடாத் தீர்மானத்தின் வாயிலாகப் படை செலுத்தும் அதிகாரத்தையும் ஜான்சன் பெற்றுக்கொண்டார். பிரதிநிதிகள் சபையில் எதிர்வாக்கு ஒன்றுமில்லை, செனட்டில் இரண்டே. போர் பெருகியபோது அதன் உண்மை அளவை மறைத்தார். புதிய வரி கேட்கவில்லை. கேட்டால் வறியோர்க்கான திட்டங்களையே நாடாளுமன்றம் முதலில் வெட்டும் என அவர் அஞ்சினார். நற்செயலைக் காப்பதற்கென்றே மெய் மறைக்கப்பட்டது. (கிறிஸ்தவ அறநெறி வகுப்பில் ஆராய்தற்கு இதனினும் தக்க எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.) 1967 ஆகஸ்டில் வேறு வழியின்றி நூற்றுக்குப் பத்து மேல்வரி கேட்டார், 1968 ஜூனில் அது கிடைத்தபோது, அரசுச் செலவில் 600 கோடி டாலரைக் குறைக்கவேண்டும் என்னும் நிபந்தனையும் உடன் வந்தது.

மார்ட்டின் லூதர் கிங் 1965-இலேயே சமாதானப் பேச்சு வேண்டுமென்றார். கண்டனம் எழவே பெரும்பாலும் அடங்கியிருந்தார். (அவர் துணைவியார் கொரெட்டா அவ்வாண்டே போரெதிர்ப்பு மேடைகளில் ஏறினார் என்பதையும் குறித்தல் வேண்டும்.) 1967 ஜனவரியில், குண்டுத்தீயால் வெந்த வியட்நாம் குழந்தைகளின் படங்களை ஓர் இதழில் கண்டபின், கிங்கால் அடங்கியிருக்கக் கூடவில்லை. ஏப்ரல் 4-இல் நியூயார்க் ரிவர்சைடு ஆலயத்தில் ஏறத்தாழ 3,000 பேர் முன்னிலையில் பேசினார். வறியோர்க்குரிய பணத்தையும் ஆற்றலையும் போர் உறிஞ்சுகின்றது. சொந்த மண்ணில் உரிமையற்ற கறுப்பின இளைஞர் பிறர் உரிமைக்கென எண்ணாயிரம் மைல் அனுப்பப்படுகின்றனர். நகரச் சேரியின் இளைஞனிடம் வன்முறையை விலக்கக் கூறுபவன், தன் அரசின் வன்முறையைக் குறித்து வாய்மூடியிருத்தல் இயலாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பகைவனையும் நேசித்து மரித்த ஆண்டவரின் ஊழியனுக்கு வியட்நாமியன் அயலானல்லன். இவையே அவர் வாதத்தின் சாரம்.

மூன்றாம் நாள் ‘நியூயார்க் டைம்ஸ்’ தலையங்கம் கிங் தவறினார் என்றது. கறுப்பின மக்களின் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கமும், குடிமையுரிமை இயக்கத்தைச் சமாதான இயக்கத்தோடு கலத்தலாகாது எனத் தீர்மானித்தது. வெள்ளை மாளிகையோடு அவர் கொண்டிருந்த உறவு முறிந்தது. சங்கத்தாரைக் கோழைகள் என நாம் இகழலாகாது. அடிமைத்தளை நீங்கி நூறாண்டு காத்துப் பெற்ற சட்டங்கள் அவை. தந்தவரைப் பகைத்துக்கொண்டால் அவற்றை நடைமுறைப்படுத்துவார் யார்? ஆயினும் தாவீதின் வீடு நிலைக்கும் என அறிவித்த அதே நாத்தான், உரியாவின் கொலைக்காக அவனைக் கடிந்துகொண்டான் என்பதை நாம் அறிவோம். முதற்செய்தி இரண்டாம் செய்திக்கு வாய்ப்பூட்டாகவில்லை. கிங் நின்ற இடம் அதுவே. வேறுபாடு ஒன்றுண்டு: தாவீது செவிகொடுத்தான்.

இறையியலாரும் பிளவுண்டனர். பிரின்ஸ்டனின் மெதடிஸ்டு அறநெறியாளர் பால் ராம்சே, நீதியான போர் என்னும் கோட்பாட்டைக்கொண்டு அமெரிக்கத் தலையீட்டுக்கு ஆதரவாக வாதாடினார். பில்லி கிரகாம் 1966 கிறிஸ்துமஸ் நாள்களில் வியட்நாமிலிருந்த படையினரிடையே பிரசங்கித்தார். மறுபுறம், ரிவர்சைடு ஆலயத்தில் கிங்கோடு பேசியவர்களுள் யூனியன் இறையியல் கல்லூரித் தலைவர் ஜான் பென்னட்டும் யூத ரபி ஆபிரகாம் ஹெஷலும் இருந்தனர். அவ்வுரைகளின் வெளியீட்டுக்கு முன்னுரை வழங்கியவர் ரைன்ஹோல்ட் நீபூர். அதிகாரத்தைப் பயன்படுத்தும் பொறுப்பைப்பற்றி அவர் எழுதியதை ஆட்சியாளர் ஆர்வத்தோடு கற்றனர். வல்லரசின் அகந்தையைப்பற்றி அவர் எழுதிய பக்கங்களைப் புரட்டாமல் விட்டனர் போலும்.

போர் சீர்திருத்தத்தை முற்றும் விழுங்கிற்று என்பாரோடு நாம் உடன்படவில்லை. 1964-இல் நூற்றுக்கு 19 ஆயிருந்த வறியோர் தொகை 1969-இல் 12 ஆகக் குறைந்தது. மெடிகேர் இன்றும் உள்ளது. வாக்குரிமைச் சட்டத்தின் முதன்மையான கூறொன்றை 2013-இல் உச்சநீதிமன்றம் செயலிழக்கச் செய்தது உண்மையே. அதற்குக் காரணம் இப்போரன்று. ஏறத்தாழ 58,000 அமெரிக்கரையும் பல இலட்சம் வியட்நாமியரையும் கொன்ற அப்போர், அச்சட்டங்களை நிறைவேற்றிய கூட்டுறவையும் கொன்றது. தொழிற்சங்கத்தார், சபையார், மாணவர், கறுப்பின மக்கள் ஆகியோர் ஒருவர்மேல் ஒருவர் வைத்திருந்த நம்பிக்கை மீண்டும் அவ்வடிவில் கூடவில்லை.

1968 மார்ச் 31-இல், தாம் மீண்டும் தேர்தலில் நிற்பதில்லை என ஜான்சன் அறிவித்தார். ஏப்ரல் 4-இல், ரிவர்சைடு உரை நிகழ்ந்து சரியாக ஓராண்டு நிறைந்த நாளில், துப்புரவுத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்திற்குத் துணைநிற்க மெம்பிஸ் நகருக்குச் சென்றிருந்த கிங் சுட்டுக்கொல்லப்பட்டார். அவ்வாண்டு ஜூலையில் சுவீடனின் உப்சாலாவில் கூடவிருந்த உலகத் திருச்சபை மன்றத்தின் நான்காம் பேரவையில் தொடக்கப் பிரசங்கம் செய்ய அவர் அழைக்கப்பட்டிருந்தார். அவருக்குப் பதிலாக அப்பீடத்தில் ஏறியவர் யாழ்ப்பாணத்து மெதடிஸ்டுப் போதகர் டி. டி. நைல்ஸ்.