உடலைப் படிப்பதா, ஆளைப் படிப்பதா?
வேலை மாறி வருபவர் முன்னால் இரண்டு பயிற்சியாளர் சான்றிதழ்கள்

அமெரிக்காவில் முடிதிருத்துபவருக்கு மாநில உரிமம் வேண்டும். மசாஜ் செய்பவருக்கும் பெரும்பாலான மாநிலங்களில் வேண்டும். ஆனால் இன்னொருவர் தோளில் பளுவை ஏற்றி உட்கார்ந்து எழச் சொல்லும் பெர்சனல் ட்ரெய்னரிடம் எந்த மாநிலமும் உரிமம் கேட்பதில்லை. அந்த இடத்தைத் தனியார் அமைப்புகள் தரும் சான்றிதழ்கள் நிரப்புகின்றன. ஜிம் நடத்துபவர்களும் காப்பீட்டு நிறுவனங்களும் கேட்பது அவற்றைத்தான்.

வங்கி, பள்ளி, மருத்துவமனை, மென்பொருள் என்று வேறு துறைகளில் பல ஆண்டு உழைத்தவர்கள் இந்தத் தொழிலுக்குள் நுழைய முடிவதும் இதனால்தான். பட்டம் தேவையில்லை, 18 வயதும் பள்ளி இறுதித் தகுதியும் போதும். பழைய வேலையை விடாமலே சில மாதங்கள் மாலை நேரத்தில் படித்துத் தேர்வு எழுதிவிடலாம். விளையாட்டு வீரர்களுக்குப் பயிற்சி தருவோருக்கான சிஎஸ்சிஎஸ் போன்ற சான்றிதழ்கள் பட்டம் கேட்பதால், வேலை மாறுபவர்களில் பலர் கடைசியில் இரண்டு பெயர்களுக்கு நடுவே வந்து நிற்கிறார்கள். ஒன்று 1987இல் தொடங்கிய என்ஏஎஸ்எம் அமைப்பு. மற்றது 1985இல் தொடங்கி சான்டியாகோ நகரிலிருந்து இயங்கும் ஏஸ்.

கட்டணம், பக்கங்களின் எண்ணிக்கை, தேர்வு எவ்வளவு கடினம் என்பவற்றை வைத்து இவற்றை ஒப்பிடுவது வழக்கம். கட்டணமோ தள்ளுபடிக்குத் தள்ளுபடி மாறுகிறது. எதிரே வந்து நிற்கும் மனிதரை எங்கிருந்து பார்க்கத் தொடங்க வேண்டும் என்பதில் இரண்டு பாடத்திட்டங்களும் வேறுபடுகின்றன. தேர்ந்தெடுப்பவர் கவனிக்க வேண்டியது அதை.

இரண்டுக்கும் பொதுவானவை

இரண்டு தேர்வுகளும் என்சிசிஏ என்ற அங்கீகார ஆணையத்தின் ஒப்புதல் பெற்றவை. வேலை தரும் ஜிம்கள் முதலில் பார்ப்பது இந்த ஒப்புதலை. இதயத் துடிப்பு நின்றுபோனால் செய்ய வேண்டிய சிபிஆர், ஏஇடி முதலுதவிப் பயிற்சியை இரண்டும் கட்டாயமாகக் கேட்கின்றன. சான்றிதழை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கு ஏறத்தாழ 20 மணி நேரத் தொடர்கல்வி வேண்டும் என்பதிலும் வேறுபாடில்லை.

எல்லைக்கோட்டையும் இரண்டும் ஒரே இடத்தில்தான் போடுகின்றன. பயிற்சியாளர் நோயைக் கண்டறியக் கூடாது. காயத்துக்குச் சிகிச்சை செய்யக் கூடாது. நோய்க்கான உணவுத் திட்டம் எழுதித் தரக் கூடாது. சந்தேகம் வந்தால் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ அனுப்ப வேண்டும்.

முதல் சந்திப்பு

நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் ஜிம்முக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். எடை குறைய வேண்டும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கக் கூடாது. இவ்வளவுதான் அவர் விருப்பம்.

என்ஏஎஸ்எம் பாடம் படித்தவர் உடல்நலக் கேள்வித்தாளை நிரப்பச் சொன்னதும், கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தியபடி ஸ்குவாட் செய்யச் சொல்வார். முன்னால் நின்று பாதம் வெளியே திரும்புகிறதா, முழங்கால் உள்ளே சாய்கிறதா என்று பார்ப்பார். பக்கவாட்டில் நின்று உடல் அதிகமாக முன்னே குனிகிறதா, இடுப்புக்கு மேலே முதுகு வளைகிறதா, கை முன்னால் சரிகிறதா என்று பார்ப்பார். முழங்கால் உள்ளே சாய்ந்தால் உள்தொடைத் தசைகள் மிகையாக இழுக்கின்றன, பிட்டத் தசைகள் போதிய வேலை செய்வதில்லை என்று பாடம் சொல்கிறது. இறுகியதை ஃபோம் ரோலரில் உருட்டி நீட்டுவது, சோர்ந்ததை வலுப்படுத்துவது என்று அடுத்த படியையும் அதுவே காட்டிவிடுகிறது.

இந்தத் தெளிவு புதியவருக்குப் பெரிய பலம். அதிலேயே ஒரு ஆபத்தும் உண்டு. முழங்கால் சாயக் கணுக்கால் இறுக்கமும் காரணமாகலாம். அந்த அசைவே பழக்கமில்லாததும் காரணமாகலாம். அட்டவணையை மட்டும் மனப்பாடம் செய்தவர் எல்லார் உடலிலும் பழுது கண்டுபிடிக்கத் தொடங்கிவிடுவார். எடை குறைக்க வந்தவர் தன் உடலில் ஏழு குறை இருக்கிறது என்ற கவலையோடு வீடு திரும்புவார்.

ஏஸ் பாடம் அதே பெண்ணை உட்கார வைத்துப் பேசச் சொல்கிறது. ஆம், இல்லை என்று முடியாத கேள்விகளைக் கேள். தடையாக இருப்பது எது என்று பார். திட்டத்தை அவரோடு சேர்ந்து போடு. இந்த மூன்று படிதான் அதன் அடிப்படை முறை. புகையை விட முயன்றவர்களை ஆராய்ந்து ப்ரோச்சஸ்கா, டிக்ளெமென்டே இருவரும் உருவாக்கிய மாற்ற நிலைகள் கோட்பாடு இங்கே முக்கியப் பாடம். மாற்றத்தை நினைத்தே பாராதவர், யோசிப்பவர், ஆயத்தமாகிறவர், செய்யத் தொடங்கியவர், தொடர்ந்து செய்பவர் என்ற ஐந்து பேரிடமும் ஒரே மாதிரி பேசினால் வேலைக்காகாது என்பது அதன் சாரம். உடல் அசைவைச் சோதிக்கும் முறைகளும் பாடத்தில் உண்டு. ஆனால் முதல் நாளே எல்லாச் சோதனையையும் நடத்தியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முதலில் அவர் மறுநாளும் வர வேண்டும்.

இதிலும் குறை உண்டு. நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டவர், பேச்சு முடிந்து பளுத் தட்டுகளுக்கு முன்னால் நிற்கும்போது எத்தனை செட், எவ்வளவு எடை என்று திணறலாம்.

திட்டம் போடும் முறை

என்ஏஎஸ்எம்மின் ஓபிடி முறையில் ஐந்து கட்டங்கள். முதல் கட்டம் நிலைத்தன்மைக்கு: குறைந்த எடை, ஒரே அசைவை 12 முதல் 20 முறை (ரெப்) திரும்பச் செய்வது, எடையை இறக்க நான்கு நொடி எடுக்கும் மெதுவான வேகம். இரண்டாவதில் ஒரு நிலையான பயிற்சியும் தடுமாற வைக்கும் ஒரு பயிற்சியும் அடுத்தடுத்து வரும். மூன்றாவது தசை வளர்ச்சிக்கு. நான்காவது உச்ச வலிமைக்கு. அங்கே ரெப் ஐந்தைத் தாண்டாது. ஐந்தாவதில் வலிமையோடு வேகமும் சேரும். எல்லாரும் ஐந்தையும் கடக்க வேண்டியதில்லை. எடை குறைப்பவருக்கு முதல் இரண்டு கட்டங்களே பெரும்பாலும் போதும்.

ஏஸின் முறை இரண்டு பகுதிகளாகப் பிரிகிறது. மூச்சுக்கும் இதயத்துக்குமான பயிற்சியில் மூன்று, தசைப் பயிற்சியில் மூன்று. முதல் பகுதியில் தீவிரத்தை அளக்கும் வழி பேச்சுதான். சிரமமில்லாமல் பேச முடிகிற வரை முதல் கட்டம். பேச்சு தடைபடத் தொடங்கும் புள்ளியைத் தாண்டினால் இரண்டாம் கட்டம். பேசவே முடியாத அளவை எட்டுவது மூன்றாம் கட்டம். இதயத் துடிப்பை வயதை வைத்துக் கணக்கிடும் சூத்திரங்கள் ஆளுக்கு ஆள் தவறிப்போகின்றன. இந்தச் சோதனைக்கோ கருவியே வேண்டாம். மாடிப்படியில் மூச்சு வாங்கும் பெண்ணுக்கு இது அன்றைக்கே புரியும், வீட்டிலும் உதவும்.

தேர்வு அறை

என்ஏஎஸ்எம் தேர்வில் 120 கேள்விகள், இரண்டு மணி நேரம், தேர்ச்சிக்கு 70. ஏஸ் தேர்வில் 150 கேள்விகள், மூன்று மணி நேரம். 800க்கு 500 வேண்டும். இரண்டிலும் சில கேள்விகள் வெள்ளோட்டத்துக்கானவை. அவற்றுக்கு மதிப்பெண் இல்லை. முதல் தேர்வு எந்தத் தசை, எந்தக் கட்டம், எத்தனை ரெப் என்று நேராகக் கேட்கும். இரண்டாவது ஒரு சூழலைச் சொல்லி இப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்பதில் நாட்டம் உள்ளது. நினைவாற்றல் உள்ளவருக்கு முன்னது எளிது. நிதானமாகப் படித்து முடிவெடுப்பவருக்குப் பின்னது.

ஆனால் இரண்டும் விடை தேர்ந்தெடுக்கும் தேர்வுகளே. தேர்வு எழுதுபவர் ஒரு மனிதரை நிறுத்தி ஸ்குவாட் சொல்லிக்கொடுப்பதை யாரும் பார்ப்பதில்லை. பிரிட்டனில் மூன்றாம் நிலைத் தகுதி பெற, நேரில் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்துக் காட்ட வேண்டும். அமெரிக்காவில் அந்தக் கட்டம் வேலையில் சேர்ந்த பிறகு, காசு கொடுக்கும் வாடிக்கையாளர் மேல் நடக்கிறது.

வருமானம் இன்னொரு விடுபட்ட பாடம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2023 மே மாதக் கணக்குப்படி உடற்பயிற்சிப் பயிற்சியாளர்களின் ஆண்டு ஊதியத்தின் இடைநிலை 46,480 டாலர். சொந்தமாகத் தொழில் செய்பவர்கள் இதில் இல்லை. பல ஜிம்களில் ஊதியம் நடத்திய வகுப்பைப் பொறுத்தது. வாடிக்கையாளர்கள் வருவது அவர்கள் வேலைக்குப் போகுமுன் விடியற்காலையிலும், திரும்பிய பின் மாலையிலும். மாதச் சம்பளத்துக்குப் பழகியவருக்கு உடற்கூறு பாடத்தைவிடக் கடினமானது, ஆள் சேரும் வரை தாக்குப்பிடிக்கும் அந்த முதல் ஆண்டு.

யாருக்கு எது

என்ஏஎஸ்எம்மின் ஏழாம் பதிப்புப் பாடநூல் நடத்தை மாற்றத்துக்குத் தனி இடம் தந்த பிறகு இரண்டுக்கும் இடைவெளி குறைந்திருக்கிறது. ஆனாலும் ஒன்று உடல் பக்கமும் மற்றது ஆள் பக்கமும் சாய்வது மறையவில்லை. வேலை மாறி வருபவர் வெறுங்கையோடு வருவதில்லை என்பதால் அந்தச் சாய்வு அவருக்கு முக்கியம். ஆசிரியருக்கும் செவிலியருக்கும் விற்பனைப் பிரதிநிதிக்கும் ஆளைப் பேச வைக்க யாரும் கற்றுத்தர வேண்டாம். அவர்களுக்குக் குறைவது வரிசையும் எண்ணும். என்ஏஎஸ்எம்மின் கறாரான கட்டங்கள் அவர்களுக்கு முதுகெலும்பாகும். கணக்காளரும் மென்பொருள் பொறியாளரும் அட்டவணையைக் கண்டால் மகிழ்வார்கள். ஐந்து கட்டங்களும் அவர்களுக்கு ஒரே வாரத்தில் பிடிபடும். அவர்கள் ஏஸ் பக்கம் போவது நல்லது. அழுதுகொண்டே வரும் வாடிக்கையாளரிடம் என்ன சொல்வது என்பதை எந்த அட்டவணையும் அவர்களுக்குச் சொல்லாது.

பலர் இதற்கு நேரெதிராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். படிக்கும்போது இன்பம் தரும் பாடம், ஏற்கெனவே பாதி தெரிந்த பாடமாகவே இருக்கிறது. பணம் கட்டுமுன் இரண்டு பாடத்திட்டங்களின் பொருளடக்கத்தையும் வாங்கிப் புரட்டுங்கள். எதைப் பார்த்ததும் இது நமக்குச் சரிப்படாது என்று தோன்றுகிறதோ, அதற்கே கட்டணம் செலுத்துங்கள்.